தொழில் மாநாட்டு மேடைக்குப் பேச்சாளர் பெயர் கேட்டால் ஏன் ஒருத்தருக்கும் வாயில் வருவதில்லை?

மணலி_பராமரிப்பு
திங்கள், இரவு 9.40

வணக்கம். மணலி, எண்ணூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் பராமரிப்பிலும் பாதுகாப்பிலும் இருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு நாள் கருத்தரங்கு நடத்துகிறோம். மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாளை ஒட்டி வைப்பது வழக்கம். இந்த முறை பேச்சாளர்களைப் பிடிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

குழுவில் இருக்கும் எல்லாரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன். "நம் துறைக்காரர் ஒருவர் பேசி நீங்கள் நேரில் கேட்டிருக்க வேண்டும். அடுத்த நாள் வேலைக்குப் போனபோதும் அந்தப் பேச்சு மனதில் நின்றிருக்க வேண்டும். அப்படி ஒரு பெயர் சொல்லுங்கள்." பத்து, இருபது வருஷ அனுபவசாலிகள். ஒருத்தருக்கும் சட்டென்று பெயர் வரவில்லை. ரொம்ப நேரம் யோசித்து வந்த முதல் பெயர் அப்துல் கலாம். 2015இல் ஷில்லாங்கில் மாணவர்களுக்குப் பேசிக்கொண்டிருந்தபோதே அவர் காலமானார், ஆனாலும் நம் ஆட்களுக்கு இன்றும் அவர்தான் முதல் நினைவு. அடுத்தது மெட்ரோ ஸ்ரீதரன். அப்புறம் ஒரு கிரிக்கெட் வீரர், டிவியில் வரும் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இரண்டு பேர்.

இவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் நேரத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பம்ப் சீலோடு மல்லுக்கட்டுகிற ஃபிட்டருக்கோ, வேலையைத் தொடங்க அனுமதி தரும் ஒர்க் பெர்மிட்டில் கையெழுத்துப் போடத் தயங்கி நிற்கும் ஷிப்ட் இன்ஜினியருக்கோ, அந்த வேலையை உள்ளும் புறமும் அறிந்த ஒருவர் பேசினால்தான் உறைக்கும். இத்தனை ஆலைகள், இரண்டு மூன்று துறைமுகம், ரயில் பெட்டித் தொழிற்சாலை, லாரித் தொழிற்சாலை எல்லாம் இருக்கிற வட சென்னையில் அப்படிப்பட்டவர் இல்லாமலா போவார்? இருந்தும் பெயர் வரவில்லை. அதுதான் என்னைக் குடைகிறது.

பெயர் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று உங்களுக்குத் தோன்றுவதைச் சொன்னாலும் உதவியாக இருக்கும்.

பட்டிமன்றப்_பிரியன்
திங்கள், இரவு 10.15

சார், துறைக்காரராக இருக்கணும் என்ற நிபந்தனையை எடுத்துவிடுங்கள், பெயருக்குப் பஞ்சமே இருக்காது. முழு நாள் கருத்தரங்கில் மதியச் சாப்பாட்டுக்கு மேல் ஆட்களை உட்கார வைப்பதே பெரிய காரியம். நல்ல பட்டிமன்றப் பேச்சாளர் ஒருவரை அந்த நேரத்துக்குப் போட்டால் அரங்கம் நிறையும், விளம்பரம் தருபவரும் சந்தோஷமாகத் தருவார்.

நம்ம ஊர்ப் பெருமைதான் வேண்டும் என்றால் கேரம் காசிமாவைக் கூப்பிடுங்கள். புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் ஒற்றையர், இரட்டையர், அணிப் பிரிவு மூன்றிலும் தங்கம். இதைவிட உத்வேகம் வேறு எங்கே கிடைக்கும்?

திருவொற்றியூர்_சேஃப்டி
திங்கள், இரவு 11.05

காசிமாவைக் கூப்பிடுவதில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் கூப்பிட்டு அவரிடம் எதைக் கேட்கப் போகிறோம்? ஒரே காயை எத்தனை கோணத்தில் அடித்துப் பழகினார், தோற்ற ஆட்டத்துக்கு மறுநாள் பலகை முன்னால் உட்கார்ந்து என்ன செய்தார் என்று கேட்டால் ஒரு ஃபிட்டருக்கும் அதில் எடுத்துக்கொள்ள விஷயம் உண்டு. 'வெற்றிக்கு வழி' என்று தலைப்பைக் கொடுத்து, பொன்னாடை போர்த்தி அனுப்பினால் அந்தப் பெண்ணுக்கும் நமக்கும் நஷ்டம்.

மணலி சார், பெயர் இல்லை என்று விட்டுவிட மனம் வரவில்லை. தொழில் பாதுகாப்புத் துறையில் உலக அளவில் மூன்று பேரைச் சொல்கிறேன். இவர்களை நாம் கூப்பிட முடியாது. ஆனால் எப்படிப்பட்டவரைத் தேட வேண்டும் என்பதற்கு இவர்கள் வழி காட்டுவார்கள்.

முதலில் ட்ரெவர் கிளெட்ஸ். இங்கிலாந்தில் ஐசிஐ என்ற ரசாயனக் கம்பெனியின் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த ரசாயனப் பொறியாளர். 1974இல் ஃபிளிக்ஸ்பரோ ஆலை வெடித்து 28 பேர் இறந்தார்கள். ரசாயன வினை நடக்கும் கலனான ரியாக்டர் ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடைவெளிக்குத் தற்காலிகமாக ஒரு பைபாஸ் குழாய் போட்டார்கள். அதற்கு முறையான டிசைன் கிடையாது, ஒர்க்‌ஷாப் தரையில் சாக்பீஸால் படம் வரைந்து செய்த குழாய் அது. அந்த விபத்துக்கு அப்புறம் கிளெட்ஸ் ஊர் ஊராகப் போய்ச் சொன்னது ரொம்பச் சின்ன விஷயம்: ஆலையில் வைத்திருக்காத பொருள் கசியாது. ஆபத்தான சரக்கை டன் கணக்கில் சேர்த்துவைக்காதே, குறைத்து வை என்றார். அவர் பேசிய முறையும் வித்தியாசமானது. பத்துப் பதினைந்து பேரை உட்கார வைத்து, நடந்த விபத்தின் படத்தைக் காட்டுவார். "என்ன நடந்திருக்கும்? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். வந்தவர்கள்தான் பேசுவார்கள்.

அடுத்தது சார்லி மோர்கிராஃப்ட், அமெரிக்காவில் எக்ஸான் சுத்திகரிப்பு ஆலைத் தொழிலாளி. 1980இல் குழாய் வேலை செய்துகொண்டிருந்தபோது ரசாயனம் பீறிட்டது. வண்டி இன்ஜினை அணைக்காமல் விட்டிருந்தார். ஆவி பற்றிக்கொண்டு உடம்பில் பாதிக்குக் கிட்டத்தட்ட எரிந்தது. வருஷக்கணக்கில் சிகிச்சை. அப்புறம் உலகம் முழுக்கப் போய், "எனக்கு விதிமுறை எல்லாம் தெரியும், அவசரத்தில் குறுக்கு வழியில் போனேன்" என்று தொழிலாளிகள் முன்னால் நின்று சொன்னார். எங்கள் ஆட்களுக்கு அவர் வீடியோவைத் தமிழில் விளக்கிப் போட்டுக்காட்டியிருக்கிறேன். அரங்கத்தில் ஒரு செல்போன் சத்தம்கூட வராது.

மூன்றாவது பால் ஓ'நீல். 1987இல் அல்கோவா அலுமினியக் கம்பெனிக்குத் தலைவரானார். முதலீட்டாளர்கள் முன்னால் முதல் பேச்சு. லாபம், வரி என்று எதிர்பார்த்து வந்தவர்களிடம், தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்று ஆரம்பித்து, அந்த அறையின் அவசர வழி எங்கே இருக்கிறது என்று காட்டினார்.

ஒருவர் பொறியாளர், ஒருவர் தொழிலாளி, ஒருவர் முதலாளி தரப்பு. மூவரும் தாங்கள் கைவைத்த வேலையிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை எடுத்து அதையே வாழ்நாள் முழுக்கச் சொன்னார்கள். நம் குழுவுக்குப் பெயர் வராததற்குக் காரணம் நாம் புகழைத் தேடுவதுதான் என்று நினைக்கிறேன். "யார் பெரிய ஆள்?" என்று கேட்டால் நாலு பெயரோடு நின்றுவிடும். "யார் சொன்னதைக் கேட்டு நீ வேலை செய்யும் விதத்தை மாற்றிக்கொண்டாய்?" என்று கேட்டுப் பாருங்கள்.

மண்ணடி_கிளியரிங்
செவ்வாய், காலை 7.30

சேஃப்டி சார் சொல்வதோடு இன்னொரு காரணமும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் சரக்குப் போக்குவரத்துத் துறை மாநாடுகளில் மேடை விலைக்குப் போய்விட்டது. யார் ஸ்டாலுக்கும் பேனருக்கும் பணம் கட்டினாரோ அவருக்குத்தான் மைக். சாஃப்ட்வேர் விற்க வந்தவர் இருபது நிமிஷம் தன் சாஃப்ட்வேரைப் பற்றிப் பேசுகிறார். அவரிடம் என்ன உத்வேகத்தை எதிர்பார்ப்பது? அடுத்த வருஷம் பெயர் நினைவில் இல்லாததில் ஆச்சரியமே இல்லை.

இடமும் ஒரு பிரச்னை. துறைமுகம் ராயபுரத்தில், கஸ்டம்ஸ் ஹவுஸ் ராஜாஜி சாலையில், கன்டெய்னர் யார்டுகள் மாதவரம், மணலி, எண்ணூர் பக்கம். மாநாடு மட்டும் நந்தம்பாக்கத்திலோ கிண்டி ஓட்டலிலோ. விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்து 2021லிருந்து ஓடுகிறது, இந்தப் பக்கம் ஒரு நாள் வாருங்கள் என்றால் யாரும் வருவதில்லை. யார்டில் நிற்கிற சூப்பர்வைசர் அங்கே போய் வர ஒரு நாள் போய்விடும். அதனால் போவது மேலாளர், பேசுவது இன்னொரு மேலாளர்.

ஐசிஎஃப்_ஓய்வு
செவ்வாய், காலை 10.20

தம்பிகளுக்கு வணக்கம். பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

மணலி தம்பி கேட்ட மாதிரி துறைக்காரர் பெயர் ஒன்று உடனே சொல்ல முடியும். சுதான்ஷு மணி. எங்கள் பொது மேலாளராக இருந்தவர். இப்போது வந்தே பாரத் என்று ஓடுகிற ரயில், 2018இல் எங்கள் தொழிற்சாலையில் 'ட்ரெயின் 18' என்ற பெயரில் உருவானபோது முன்னின்று நடத்தியவர். ஓய்வுக்கு அப்புறம் அந்த அனுபவத்தைப் பல மேடைகளில் பேசியிருக்கிறார். கிடைத்தால் கூப்பிடுங்கள். கூடவே அந்த ரயிலுக்கு வயரிங் இழுத்தவர், போகி பிரேம் வெல்டு செய்தவர், முதல் ஓட்டத்தின்போது உள்ளே உட்கார்ந்து சத்தத்தைக் காதால் கேட்டுக் குறிப்பெடுத்தவர் இப்படி ஒருவரையும் அதே மேடையில் உட்கார வையுங்கள். மேலே இருந்து முடிவெடுத்தவர் ஒரு பாதியைச் சொல்வார், கையால் செய்தவர் மறுபாதியைச் சொல்வார்.

பேச்சு என்பது இந்தப் பகுதிக்குப் புதிதில்லை. 1949 செப்டம்பர் 18ஆம் தேதி, ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் ஒரு கூட்டம் நின்று அண்ணாவின் பேச்சைக் கேட்டதை எங்கள் அப்பா தலைமுறை திரும்பத் திரும்பச் சொல்லும். அதற்கும் முன்னால் 1918இல் பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் மில் தொழிலாளிகளுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததைப் படித்துப் பாருங்கள். செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் அங்கே ஒரு பக்திச் சபை நடத்தினார்கள். மில் முடிந்து பிரசங்கம் கேட்க வந்த தொழிலாளிகள் தங்கள் கஷ்டங்களை அவர்களிடம் சொல்லத் தொடங்கினார்கள். அப்புறம் திரு.வி.க. வந்து தமிழில் பேசினார், பி.பி. வாடியா தலைவரானார், ஏப்ரல் 27ஆம் தேதி சங்கம் அமைந்தது. கேட்க வந்தவன் வாயைத் திறந்ததில்தான் அது ஆரம்பித்தது. நம் கருத்தரங்குகளில் கேட்க வருகிறவனுக்கு வாய் திறக்க இடமே வைப்பதில்லையே. கடைசியில் கேள்வி நேரம் என்று ஐந்து நிமிஷம், அதுவும் நன்றியுரையில் கரைந்துவிடும்.

வியாசை_வெல்டர்
செவ்வாய், மதியம் 1.10

எல்லாரும் நல்லாச் சொல்கிறீர்கள். காண்ட்ராக்ட் வெல்டர் ஒருவன் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை.

பாதுகாப்பு நாளில் எங்களை மேடைக்குக் கூப்பிடுவார்கள். சிறந்த தொழிலாளி என்று ஒரு டிபன் பாக்ஸோ குக்கரோ கொடுப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், இறங்கச் சொல்வார்கள். அந்த விருது எதற்குக் கிடைத்தது, நான் என்ன செய்தேன் என்று யாரும் மைக்கைக் கொடுத்துக் கேட்டதில்லை. கேட்டால் சொல்வேனா என்பதும் சந்தேகம்தான். காரணம் வெட்கம் கிடையாது. உண்மையான சம்பவத்தைச் சொன்னால் "எந்த கம்பெனி, எந்த யூனிட்?" என்று கேள்வி வரும். அடுத்த ஷட்டவுனுக்கு கேட் பாஸ் வராது. காண்ட்ராக்டர் போன் எடுக்க மாட்டார். ஒரு நாள் மாநாட்டுக்கு வந்தால் அன்றைய கூலியும் போச்சு. நிரந்தர ஊழியருக்கு ஓ.டி. போட்டுக் கொடுப்பார்கள், எங்களுக்கு யார் கொடுப்பார்கள்?

அப்புறம் மொழி. ஸ்லைடு ஆங்கிலத்தில் இருந்தால்தான் தரமானது என்று ஒரு எண்ணம். நாங்கள் பேசுகிற தமிழில் பாதி வார்த்தை வேலைக்களத்து வார்த்தை. அதை அப்படியே பேச விட்டால் கேட்பவனுக்கு உடனே புரியும்.

தண்டையார்பேட்டை_டிரெய்னிங்
செவ்வாய், இரவு 8.45

வெல்டர் தம்பி சொன்னதுதான் இந்த இழையில் முக்கியமான பதிவு. மணலி சார், பெயர் ஏன் வரவில்லை என்று கேட்டீர்களே, இதோ பதில். பேசக்கூடியவருக்குப் பேசினால் இழப்பு. அவர் பேசாததால் நமக்குப் பெயர் தெரியவில்லை.

பயிற்சித் துறையில் இருக்கும் பெண்ணாக இன்னொன்றும் சொல்லணும். இதுவரை வந்த பெயர்களை எண்ணிப் பாருங்கள். காசிமா தவிர எல்லாரும் ஆண்கள். அவரும் விளையாட்டு வீராங்கனை, தொழிற்சாலைக்காரர் இல்லை. இங்கே லேப்களில், ஸ்டோர்ஸில், டிசைன் பிரிவில், கன்ட்ரோல் ரூமில் பெண்கள் இருக்கிறார்கள். "பெண் பேச்சாளர் கிடைக்கவில்லை" என்று எல்லா அமைப்பாளர்களும் சொல்கிறார்கள். ஐரோப்பாவில் ஜேஎஸ்கான்ஃப் என்ற மென்பொருள் மாநாட்டுக்காரர்கள் 2012இல் ஒரு காரியம் செய்தார்கள். பெண்களைத் தேடிப் போய், "நீங்களும் தலைப்பு அனுப்புங்கள்" என்று நேரடியாகக் கேட்டார்கள். வந்த தலைப்புகளைப் பெயரை மறைத்துவிட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வருஷம் பேசியவர்களில் கால்வாசிப் பேர் பெண்கள். பெயரைத் தேடாமல் விஷயத்தைத் தேடியதால் புது ஆட்கள் கிடைத்தார்கள். நம் குழுவும் "யாரைக் கூப்பிடலாம்" என்று உட்காராமல், "எந்த ஆறு விஷயம் இந்த வருஷம் நம் ஆட்களுக்குத் தெரியணும்" என்று முதலில் எழுதட்டும். விஷயம் எழுதியதும் ஆள் தானாக நினைவுக்கு வருவார்.

காசிமேடு_டீசல்
செவ்வாய், இரவு 9.30

அக்கா சொன்னது கரெக்ட். ஒரு விஷயம் நான் தருகிறேன். 2017 ஜனவரி 28, எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர்க் கரையில் அந்தப் பிசுக்கை வாளியால் அள்ளினோம். மீனவர்கள், மாணவர்கள், ஊழியர்கள் என்று எல்லாரும். அலை எண்ணெயைக் கல்லுக்கு இடையில் எப்படிக் கொண்டுபோய்ச் செருகியது, கையுறை எவ்வளவு நேரம் தாங்கியது, எந்த இடத்தில் மெஷின் எடுபடவில்லை என்பது அள்ளியவனுக்குத் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையோடு மறுபடியும் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் வந்தது. கடலில் எண்ணெய் கொட்டினால் என்ன செய்வது என்று கருத்தரங்கு போட்டால் அதில் எங்கள் ஆள் ஒருவர் மேடையில் இருக்கணும். எங்கள் வாழ்க்கைப் பாட்டைச் சொல்லக் கூப்பிட வேண்டாம். அந்தக் கரையில் அடுத்த தடவை வேலையை எங்கிருந்து ஆரம்பிக்கணும் என்று கேட்கக் கூப்பிடுங்கள்.

மணலி_பராமரிப்பு
புதன், இரவு 10.00

எல்லாருக்கும் நன்றி. சேஃப்டி சார் மாற்றிக் கொடுத்த கேள்வியை இன்று குழுவில் அப்படியே கேட்டேன். "யார் சொன்னதைக் கேட்டு வேலை செய்யும் விதத்தை மாற்றிக்கொண்டீர்கள்?" பெயர்கள் வர ஆரம்பித்தன. என் பங்குக்கு ஒருவரைச் சொன்னேன். அதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதணும் என்று தோன்றுகிறது.

ரிக்கர் போர்மேனாக, அதாவது ஸ்லிங் என்ற தூக்குக் கயிற்றை மாட்டிக் கனமான சரக்கைத் தூக்கும் ஆட்களுக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை தொடங்கும் முன் நடக்கும் காலை டூல் பாக்ஸ் மீட்டிங்கில் ஒரு நாள் இரண்டு பேரைக் கூப்பிட்டு ஒரு கயிற்றின் இரண்டு முனையையும் பிடிக்கச் சொன்னார். நடுவில் ஒரு தண்ணீர் வாளி, எல்லாம் சேர்த்துப் பத்துக் கிலோ. இருவரும் ஒட்டி நின்றால் ஆளுக்கு ஐந்து கிலோ. "ஒரு எட்டு விலகுங்கப்பா" என்றார். இன்னொரு எட்டு. இன்னொன்று. கயிறு படுக்கப் படுக்க இருவருக்கும் தோள் நடுங்க ஆரம்பித்தது. கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரிக்கு இறங்கியதும் ஒவ்வொருவர் கையிலும் முழுப் பத்துக் கிலோ. 10 டிகிரிக்குப் போனால் கிட்டத்தட்ட 29 கிலோ. வாளி அதே வாளி, தண்ணீர் அதே தண்ணீர். "ஸ்லிங்கைக் குட்டையாப் போட்டுத் தூக்குறப்போ இதுதான் நடக்குது, அது கத்தாது, அறுந்துதான் காட்டும்" என்றார்.

அப்புறம் ஒரு வயர் ரோப் ஸ்லிங்கை எடுத்து, பழைய துணியால் அதன் மேல் மெதுவாக ஓட்டினார். ஒரு இடத்தில் துணியின் நூல் சிக்கி நின்றது. அங்கே உடைந்த இழை ஒன்று முள் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, கண்ணுக்குச் சுலபத்தில் தெரியாது. "கையால தடவாத, துணியால தடவு." அவ்வளவுதான் பேச்சு. ஸ்லிங் கோணத்தை நான் கல்லூரியில் சூத்திரமாகப் படித்தவன். ஆனால் லிஃப்டிங் பெர்மிட் வந்தால் கோணத்தைப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போடாதது அந்த நாளுக்கு அப்புறம்தான்.

இவர் பெயர் ஏன் எனக்கு முதல் நாளே வரவில்லை? பேச்சாளர் என்றதும் மேடை, கோட், ஸ்லைடு என்று மனம் போய்விட்டது. அந்த மனிதரை என் மனம் பேச்சாளர் கணக்கில் வைக்கவே இல்லை.

பட்டிமன்றப்_பிரியன்
புதன், இரவு 10.40

வாளிக் கதை அருமை சார், மனசாரச் சொல்கிறேன். ஆனால் டூல் பாக்ஸ் மீட்டிங்கில் இருபது பேர் சுற்றி நிற்பார்கள். முந்நூறு பேர் அரங்கத்தில் பின்வரிசைக்காரருக்கு வாளியே தெரியாது. வேலை தெரிந்த எல்லாருக்கும் பேச வராது. மேடை ஏறியதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும், தாளைப் பார்த்துப் படிப்பார், அரங்கம் கலையும். அவருக்கும் மனக்கஷ்டம். நல்ல எண்ணத்தில் கூப்பிட்டு ஒருவரைச் சங்கடப்படுத்துவதும் சரியில்லை.

தண்டையார்பேட்டை_டிரெய்னிங்
வியாழன், காலை 6.50

பிரியன் சார், இது நியாயமான பயம். ஆனால் சரிசெய்யக்கூடிய பயம்.

அவர்களைத் தனியாக மைக் முன்னால் நிறுத்தாதீர்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்கட்டும். "அன்னைக்கு என்ன அண்ணே பார்த்தீங்க? அப்புறம்?" என்று கேட்டால் நம் ஆட்கள் அழகாகச் சொல்வார்கள். டீக்கடையில் சொல்பவர் மேடையில் ஏன் சொல்ல மாட்டார்? கேள்வி கேட்பவர் வேலை தெரிந்தவராக இருக்கணும், அதுதான் முக்கியம். முன்கூட்டியே அவர் வீட்டுக்கே போய் ஒரு தடவை பேசிப் பார்க்கணும். பேச்சை எழுதிக் கொடுக்கக் கூடாது. எழுதிக் கொடுத்தால் அவர் குரல் போய்விடும்.

பொருளைக் கையில் கொடுங்கள். அமெரிக்கக் கடற்படையின் கிரேஸ் ஹாப்பர், கணினி முன்னோடி, எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர் நீளமுள்ள வயர்த் துண்டுகளைக் கொண்டுபோய் எல்லாருக்கும் கொடுப்பார். ஒரு நானோசெகண்டில் மின்சாரம் அதிகபட்சம் போகக்கூடிய தூரம் அது. மைக்ரோசெகண்டுக்கு 300 மீட்டர் சுருளைத் தூக்கிக் காட்டுவார். கேட்டவர்கள் அந்த வயரை வருஷக்கணக்கில் வைத்திருந்தார்கள். ஸ்வீடனின் ஹான்ஸ் ராஸ்லிங் 2010இல் ஒரு துணி துவைக்கும் மெஷினையே மேடைக்குக் கொண்டுவந்து வைத்துப் பேசினார். நம் போர்மேன் ஐயாவுக்கு வாளியும் கயிறும் இருக்கின்றன. கயிற்றின் இரண்டு பக்கமும் தொங்கும் தராசு மாட்டி, கேமரா வைத்து எண்ணைத் திரையில் காட்டினால் கடைசி வரிசைக்காரரும் படிப்பார்.

மும்பையில் வீட்டுச் சாப்பாட்டை ஆபீஸுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் டப்பாவாலாக்களின் தலைவராக இருந்த ரகுநாத் மேட்கே மேலாண்மைக் கல்லூரிகளிலும் கம்பெனிகளிலும் எவ்வளவு பேசியிருக்கிறார்! டப்பாவில் எழுதும் குறியீட்டையும் லோக்கல் ரயில் நேரத்தையும் வைத்தே முழுப் பேச்சும் போகும். யாரோ முதல் தடவை அவரை நம்பி மேடை கொடுத்திருக்கிறார்கள்.

திருவொற்றியூர்_சேஃப்டி
வியாழன், காலை 9.15

வெல்டர் தம்பி சொன்ன கேட் பாஸ் பயத்துக்கு வழி பண்ணாமல் இது நடக்காது. எங்கள் பக்கத்தில் நாங்கள் பின்பற்றுவதைச் சொல்கிறேன். சம்பவத்தைச் சொல்லும்போது கம்பெனி, யூனிட், வருஷம் எதுவும் வராது. என்ன வேலை, என்ன நிலைமை, எது தப்பியது, இப்போது எப்படிச் செய்கிறோம் என்பது மட்டும் வரும். யாருக்கும் அடிபடாமல் தப்பிய சம்பவமாகப் பார்த்து எடுத்தால் யாருக்கும் சங்கடமில்லை, பாடமும் அதே பாடம். பேசுபவர் மேலதிகாரிக்கு அமைப்புக்குழுவின் கடிதம் முன்பே போகட்டும், தலைப்பும் சுருக்கமும் அதில் இருக்கட்டும். காண்ட்ராக்ட் ஆள் என்றால் ஒரு நாள் கூலியும் போக்குவரத்தும் குழு கொடுக்கணும். கோட் போட்ட பேச்சாளருக்கு விமான டிக்கெட்டும் ஓட்டலும் போடத் தயங்காத நாம் இதில் கணக்குப் பார்ப்பது முறையில்லை.

ஓய்வு பெற்றவர்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. முதல் வருஷம் அவர்களை வைத்து ஆரம்பிப்பது சுலபம்.

மண்ணடி_கிளியரிங்
வியாழன், மதியம் 12.30

கருத்தரங்கு முடிந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். வந்தவர்களிடம் "நிகழ்ச்சி எப்படி இருந்தது, ஐந்துக்கு எத்தனை மதிப்பெண்" என்று தாள் கொடுப்பதை விட்டுவிட்டு, ஒரு மாதம் கழித்துப் போன் பண்ணி "யார் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது? அதை வைத்து ஏதாவது மாற்றினீர்களா?" என்று கேளுங்கள். வரும் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி அடுத்த குழுவிடம் கொடுங்கள். பேச்சாளர் பட்டியல் என்று ஒன்று இல்லாததால்தான் ஒவ்வொரு வருஷமும் புதிதாகத் திண்டாடுகிறோம்.

மணலி_பராமரிப்பு
வியாழன், இரவு 9.20

இதுவரை ஆனது: ரிக்கர் போர்மேன் ஐயாவிடம் பேசிவிட்டேன். முதலில் "என்னத்த தம்பி பேசுறது" என்றார். வாளியை ஞாபகப்படுத்தினேன், வருகிறேன் என்றார். கேள்வி கேட்பவராக நானே உட்காருகிறேன். காசிமேடு நண்பர் தொங்கும் தராசு இரண்டு தருவதாகத் தனியாகச் சொல்லியிருக்கிறார், எண்ணெய் அள்ளிய விஷயத்துக்கும் அவர் பக்கத்திலிருந்து ஒருவர் வருகிறார். ஐசிஎஃப் ஐயா, உங்கள் பெட்டித் தொழிற்சாலை ஆட்களில் ஒருவரை நீங்கள்தான் பிடித்துத் தர வேண்டும். மதியத்துக்கு மேல் கிளெட்ஸ் முறையில் படத்தைக் காட்டி எல்லாரையும் பேச வைக்கிறோம், பிரியன் சார் அந்த நேரத்தை நடத்தித் தர முடியுமா? கூட்டத்தைத் தூங்க விடாமல் வைத்திருக்கத் தெரிந்தவர் வேண்டும்.

பெண் பேச்சாளர் இன்னும் உறுதியாகவில்லை. இரண்டு ஆலைகளின் லேப்களுக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். டிரெய்னிங் மேடம், உங்களுக்குத் தெரிந்த கன்ட்ரோல் ரூம் ஆட்கள் யாராவது இருந்தால் நீங்களே பேசிப் பார்க்க முடியுமா? நான் கேட்பதைவிட நீங்கள் கேட்டால் வருவார்கள் என்று நினைக்கிறேன்.

கூலி, போக்குவரத்து விஷயத்தைக் குழுவில் வைத்தேன். கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது, கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

தண்டையார்பேட்டை_டிரெய்னிங்
வியாழன், இரவு 9.50

ஒருவர் இருக்கிறார். பாய்லர் தண்ணீர் டெஸ்டில் ஒரு எண் தப்பாக இருக்கிறது என்று சொல்லி, ஆலை ஸ்டார்ட்-அப்பையே நிறுத்தி வைத்த பெண். நாளை பேசிவிட்டுச் சொல்கிறேன். பேசுபவர்கள் எல்லாரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு திருவொற்றியூர் தேரடி பக்கம் வர முடிந்தால் ஒத்திகை பார்த்துவிடலாம், இடம் நான் ஏற்பாடு செய்கிறேன்.

வியாசை_வெல்டர்
வியாழன், இரவு 11.10

ஞாயிறு நானும் வரலாமா? ஒரு தலைப்பு இருக்கிறது. ஸ்டெயின்லெஸ் குழாயில் ரூட் பாஸ், அதாவது முதல் அடுக்கு வெல்டு ஓட்டும்போது உள்பக்கம் ஆர்கான் வாயு விட்டு பர்ஜ் பண்ணுவோம், உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுவோம். ஆர்கானுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை, காற்றைவிடக் கனம். பெரிய குழாயில் அது அடியில் தங்கி நிற்கும். வெல்டு எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கத் தலையை உள்ளே விட்டால் இரண்டு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவான், மூச்சு முட்டுகிறது என்ற உணர்வே வராது. நாங்கள் குழாய் வாயில் ஆக்சிஜன் மீட்டரைத் தொங்கவிடாமல் குனிவதில்லை. புதுப் பையன்களுக்கு இது தெரியவில்லை, இரண்டு தடவை நானே சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்திருக்கிறேன். இதைச் சொல்ல கம்பெனிப் பெயர் எதுவும் தேவையில்லை. மீட்டர் நானே கொண்டுவருகிறேன், ஒரு குழாய்த் துண்டு மட்டும் யாராவது ஏற்பாடு செய்யணும். இருபது நிமிஷம் கிடைக்குமா?